வென்றது எதனால்?

2019 ஜூலையில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணம் நடந்தது. அதில் இலங்கையும் சிங்கப்பூரும் மோதிய ஓர் ஆட்டம் 88-50 என்று முடிந்தது. இலங்கையின் 88 கோல்களில் 76 ஒரே வீராங்கனை போட்டவை. யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் அன்று 78 தடவை வளையத்தை நோக்கிப் பந்தை எறிந்தார், இரண்டுதான் தவறின. தொடர் முழுவதிலும் அவர் போட்ட கோல்கள் 348. அந்த உலகக் கிண்ணத்தில் வேறு எந்த நாட்டு வீராங்கனையும் அவ்வளவு கோல் போடவில்லை.

இலங்கை அணி பிடித்த இடம் பதினைந்து. விளையாடிய அணிகள் பதினாறு.

நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015இல் சிட்னியில், இதே இலங்கை பதினாறாவதாக வந்திருந்தது. தரவரிசையை மட்டும் பார்ப்பவர் அணி ஒரு படி ஏறியிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். ஆனால் இந்த இரண்டு உலகக் கிண்ணங்களுக்கும் நடுவே, 2018இல், சிங்கப்பூரிலேயே சிங்கப்பூரை 69-50 என்று வென்று இலங்கை ஆசியச் சம்பியன் ஆனது. அதற்கு முந்தைய ஆசியப் பட்டம் கிடைத்தது 2009இல்; போரின் முடிவில் கிளிநொச்சி மாவட்டத்தின் அக்கராயன் உட்பட வன்னி ஊர்களின் சனம் செட்டிக்குளம் முகாம்களில் அடைபட்டுக் கிடந்த ஆண்டு அது. 2009இல் வென்ற அணியிலும் 2018இல் வென்ற அணியிலும் தர்ஜினி இருந்தார். இடையில் 2012இலும் 2014இலும் பட்டம் சிங்கப்பூருக்கும், 2016இல் மலேசியாவுக்கும் போனது.

அப்படியானால் 2018இன் எழுச்சிக்குக் காரணம் என்ன? விளையாட்டைப் பார்த்த எவரும் உடனே சொல்லும் பதில் உயரம். தர்ஜினியின் உயரம் 208 சென்ரிமீற்றர், ஏறத்தாழ ஆறடி பத்து அங்குலம். அந்தப் பதில் சரியானதுதான். ஆனால் எவ்வளவு பங்கு சரி என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாக வராது. ஓர் அணி முன்னேறும்போது பத்துக் காரணங்கள் ஒரே நேரத்தில் மாறியிருக்கும்: வீரர்கள், பயிற்றுவிப்பாளர், எதிரணிகள், காயங்கள், ஆட்ட அட்டவணை, அதிர்ஷ்டம். இவற்றைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கைக் கொடுப்பது ஒரு தனி அறிவியல். கோடிக்கணக்கான டொலர் புரளும் வட அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தாட்ட அணிகள் இதற்காகவே கணிதம் படித்தவர்களை வேலைக்கு வைத்திருக்கின்றன.

அக்கராயன் குளத்தின் கீழ் காலபோகம் செய்யும் விவசாயி ஒருவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. போன வருடத்தைவிட ஏக்கருக்கு ஐந்து மூடை கூடுதலாக விளைந்தால் காரணம் புது விதைநெல்லா, உரமா, மழை நேரத்துக்குப் பெய்ததா, குளத்துத் தண்ணீர் கடைசி வரை வந்ததா, பூச்சி இல்லாமல் போனதா? எல்லாமே ஒரே போகத்தில் மாறியிருக்கும். இந்தச் சிக்கலை அவிழ்க்கும் கணிதமும் வயலில்தான் பிறந்தது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1843 முதல் கோதுமை விளைச்சலைக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலைப் படித்துப் பொருள் சொல்வதற்காக 1919இல் ரொனால்ட் பிஷர் என்ற இளம் கணிதவியலாளரை அமர்த்தினார்கள். விளைச்சலின் ஏற்ற இறக்கத்தைக் காரணவாரியாகப் பிரிக்கும் முறையை அவர் அங்கேதான் உருவாக்கினார். வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலாகத் தீர்மானித்தால், மண்ணின் குணமும் வெயிலும் எந்த உரத்துக்கும் பக்கம் சாயா. தற்செயலின் அளவைத் தாண்டி மிஞ்சும் வேறுபாடு உரத்தினுடையது.

அணியை அப்படிப் பாத்தி கட்ட முடியாது. 2018இன் இலங்கை அணியை இரண்டாக்கி, ஒன்றைத் தர்ஜினியுடனும் மற்றொன்றை அவர் இல்லாமலும் அதே இறுதிப் போட்டியில் இறக்கிப் பார்க்க வழியில்லை. நடந்தது ஒரு தடவை. ‘நடக்காமல் போயிருந்தால்’ என்ற மறுபக்கத்தைக் கணக்கிலிருந்துதான் கட்டியெழுப்ப வேண்டும்.

அந்தக் கணக்குக்கு முதலில் ஓர் அலகு வேண்டும். கோல் எண்ணிக்கை அதற்குப் போதாது. வேகமாக ஆடும் அணி கூடுதலாகக் கோல் போடும், கூடுதலாக வாங்கவும் செய்யும். ஆகவே ஆய்வாளர்கள் ‘பந்து கையில் வந்த முறைகளை’ எண்ணுகிறார்கள். ஒரு தடவை பந்து உங்கள் அணியிடம் வந்தால், அது கோலாக முடியலாம், எதிரணி இடைமறித்துப் பறிக்கலாம், பிழையான கைமாற்றத்தில் வெளியே போகலாம், எறி தவறி எதிரணி பிடித்துக்கொள்ளலாம். என்.பி.ஏ.யில் ஓர் அணியின் பலத்தை நூறு முறைக்கு எத்தனை புள்ளி போட்டது, எத்தனை கொடுத்தது என்று சொல்வது இதனால்தான். டீன் ஒலிவர் 2004இல் வெளியிட்ட நூலில் கூடைப்பந்தாட்ட வெற்றியை நான்காகப் பிரித்து எடை போட்டார்: எறியின் துல்லியத்துக்கு 40 வீதம், பந்தை இழக்காமைக்கு 25, தவறிய பந்தை மீளப் பிடிப்பதற்கு 20, தண்ட எறிகளுக்கு 15. இந்த எடைகளைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. நான்காகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

வலைப்பந்தாட்டத்தில் இந்த எண்ணல் இன்னும் எளிது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவட்டத்திலிருந்து பந்தைத் தொடங்கும் வாய்ப்பு மாறி மாறி இரு அணிகளுக்கும் போகும். ஆகவே இரு தரப்புக்கும் ஏறத்தாழச் சமமான தொடக்கங்கள் கிடைத்துவிடுகின்றன. தன் தொடக்கங்களில் எத்தனையைக் கோலாக்கியது, எதிரணியின் தொடக்கங்களில் எத்தனையைப் பறித்தது என்ற இரண்டு எண்களில் ஆட்டத்தின் பெரும் பகுதி அடங்கிவிடும்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 40 எறிகளை எறிந்து அவற்றில் 70 வீதத்தைக் கோலாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: 28 கோல். அடுத்த பருவத்தில் துல்லியம் மட்டும் 90 வீதமாக உயர்ந்தால் 36 கோல், அதாவது 8 கூடுதல். துல்லியம் அப்படியே இருக்க, நடுக்களத்தில் பந்தை இழப்பது குறைந்து எறிகள் மட்டும் 50 ஆனால் 35 கோல், 7 கூடுதல். இரண்டும் சேர்ந்து நடந்தால்? 50 எறியில் 90 வீதம், 45 கோல். கூடியது 17. எட்டும் ஏழும் பதினைந்து. மிச்சம் இரண்டு கோல் யாருடையது? துல்லியமாக எறிந்தவருடையது என்றும் சொல்ல முடியாது, பந்தை இழக்காமல் கொண்டுவந்தவர்களுடையது என்றும் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கியதால் பிறந்தவை அவை. பிஷர் வயலில் கண்டதும் இதுவே. புது விதைநெல்லும் உரமும் சேர்ந்தால் வரும் விளைச்சல், அவை தனித்தனியே தருவதன் கூட்டலைத் தாண்டிப் போகலாம். தண்ணீர் இல்லாத இடத்தில் அதற்குக் கீழேயும் இறங்கும். ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே சோதிப்பதைவிட எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிச் சோதிக்க வேண்டும் என்று 1926லேயே அவர் வாதாடியதற்குக் காரணம் இந்த மிச்சம்தான். ஓர் அணியின் முன்னேற்றத்தை ஒருவர் தலையில் முழுதாகக் கட்டுகிறவர்கள் இந்த இரண்டு கோலை மறந்துவிடுகிறார்கள்.

இனி உயரத்துக்கு வருவோம். வலைப்பந்தாட்டத்தின் வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கூடைப்பந்தாட்ட வளையத்தைப் போலவே. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த ஆட்டத்தைப் பெண்கள் கல்லூரிகளுக்கு ஏற்ப இங்கிலாந்தில் மாற்றியமைத்ததே வலைப்பந்தாட்டம். பத்தடி உயரம் அந்தப் பரம்பரைச் சொத்து. ஆனால் பின்பலகை இல்லை. பந்தைப் பலகையில் பட்டுத் தெறிக்கவிட முடியாது. வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் ஏறத்தாழ 22. பந்து செங்குத்தாக மேலிருந்து இறங்கினால் வளையம் முழு வட்டமாக அதற்குத் திறந்திருக்கும். சாய்வாக வந்தால் அந்த வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகிவிடும். கிடைக்கோட்டுக்கு ஏறத்தாழ 36 பாகைக்குக் குறைந்த சாய்வில் வரும் பந்து விளிம்பில் படாமல் உள்ளே போக இடமே கிடையாது. குள்ளமானவர் போதிய செங்குத்தில் பந்தை இறக்க வேண்டுமானால் உயர வளைத்து எறிய வேண்டும். உயர எறிய எறிய விசையும் கூடும், விசையில் நேரும் சிறு பிழையும் பெரிதாகும். கையை நீட்டினாலே வளையத்தின் உயரத்தை நெருங்குபவருக்கு அந்தப் பிழைக்கு இடம் மிகக் குறைவு.

விதிகளும் உயரத்துக்குக் கைகொடுக்கின்றன. எறிபவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் எதிரணி தடுக்கலாம். பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. கோல் போட இருவருக்குத்தான் அனுமதி, அதுவும் 4.9 மீற்றர் ஆரையுள்ள அரைவட்டத்துக்குள் நின்று. உயரமான ஒருவர் அந்த வட்டத்துள், வளையத்துக்குக் கீழே இடம்பிடித்துவிட்டால் தடுப்பவருக்குச் செய்வதற்கு அதிகமில்லை.

இதை உலகின் முன்னணித் தொழில்முறைத் தொடரான அவுஸ்திரேலிய சுப்பர் நெற்போலும் கண்டது. ஜமெய்க்காவின் ஜனீல் பவுலர், 198 சென்ரிமீற்றர் உயரமானவர், 2018இல் வெஸ்ற் கோஸ்ற் பீவர் அணியில் சேர்ந்தார். முந்தைய பருவத்தில் பின்தங்கிக் கிடந்த அணி அந்த ஆண்டே இறுதிப் போட்டிவரை வந்தது. ஆனாலும் பட்டம் கிடைத்தது 2022இல்தான். நடுவே நான்கு ஆண்டுகள். பவுலரின் உயரம் இந்த நான்கு ஆண்டில் மாறவில்லை. அவரைச் சுற்றி இருந்தவை மாறின. 2020இல் வட்டத்தின் வெளிப்பகுதியிலிருந்து போடும் கோலுக்கு, ஒவ்வொரு காற்பகுதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும், இரண்டு புள்ளி என்ற விதியும் வந்தது. வளையத்துக்குக் கீழே நிற்பவரின் மதிப்பு ஒரு விதி மாற்றத்தால் குறைந்தது. ஆட்டக்காரரின் திறமைக்கு ஏதும் ஆகாமலே அவருடைய பங்களிப்பு ஏறும், இறங்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

தர்ஜினியிடம் திரும்பினால், அவர் நின்ற இடத்துக்குப் பந்து தானாக வரவில்லை. எதிரணியின் கைகளுக்கு மேலே, அவருக்கு மட்டும் எட்டும் உயரத்தில், ஓடிக்கொண்டே மூன்று விநாடிக்குள் பந்தை வீச ஆட்கள் வேண்டும். லிவர்பூலில் அவர் எறிந்த ஒவ்வொரு எறிக்கும் முன்னால் நடுக்களத்திலிருந்து வந்த ஒரு வீச்சு இருக்கிறது. இன்னொரு திசையிலும் இது வேலை செய்கிறது: எப்படி வீசினாலும் பிடித்துவிடக்கூடிய ஒருவர் முன்னால் நிற்கும்போது, நடுக்களத்தில் இருப்பவர்கள் தடுமாறுவது குறைகிறது, பந்து இழப்பும் குறைகிறது. ஆகவே மேலே போட்ட கணக்கில் ‘துல்லியம்’ ஒரு பக்கமும் ‘பந்து இழப்பு’ மறுபக்கமும் என்று பிரித்தது முழுச் சரியல்ல. ஒரே ஆள் இரண்டு எண்களையும் நகர்த்துகிறார். எனினும் அவரால் நகர்த்த முடியாதது ஒன்று உண்டு. எதிரணியின் கோல்களை அவர் தடுக்க முடியாது; விதிப்படி அவர் அந்தப் பக்கம் போகவே கூடாது. 348 கோலும் பதினைந்தாம் இடமும் ஒரே தொடரில் சேர்ந்து வந்ததன் விளக்கம் இங்கே கிடைக்கிறது.

தரவுகள் குவிந்து கிடக்கும் ஓர் இடத்தில் இதே கேள்வியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. கனடாவின் ரொறன்ரோ ராப்ரேர்ஸ் அணி அதற்குப் பொருத்தமானது. வன்னியில் உறவுக்காரர் உள்ள ரொறன்ரோத் தமிழ் வீடுகள் பலவற்றில் அந்த அணியின் சிவப்பு மேலாடை இருக்கும். 2017-18 பருவத்தில் ராப்ரேர்ஸ் 82 ஆட்டங்களில் 59இல் வென்றது. பிறகு இறுதிக் கட்டத் தொடரில் கிளீவ்லாண்டிடம் நான்குக்குப் பூச்சியம் என்று தோற்று வெளியேறியது. அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருது ராப்ரேர்ஸின் டுவேன் கேசிக்குக் கிடைத்தது. அதற்குள் அணி அவரை நீக்கியும் விட்டது. உதவியாளராக இருந்த நிக் நேர்ஸ் தலைமைக்கு வந்தார். ரசிகர்களின் செல்லப்பிள்ளையான டிமார் டிரோசனைக் கொடுத்து கவாய் லெனார்டையும் டனி கிறீனையும் வாங்கினார்கள். 2019 ஜூன் 13 அன்று கோல்டன் ஸ்ரேற் வொரியர்ஸை 114-110 என்று வென்று ராப்ரேர்ஸ் முதன்முறையாகச் சம்பியன் ஆனது.

எல்லோரும் சொல்லும் காரணம் லெனார்ட். கணக்கு என்ன சொல்கிறது? சம்பியன் ஆன பருவத்தில் அணி வென்ற ஆட்டங்கள் 58, முந்தைய பருவத்தைவிட ஒன்று குறைவு. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி புள்ளி முன்னிலை 7.8இலிருந்து 6.1 ஆக இறங்கியிருந்தது. இன்னும் வியப்பு: லெனார்ட் விளையாடிய 60 ஆட்டங்களில் அணியின் வெற்றி 41, தோல்வி 19. அவர் ஓய்வெடுத்த 22 ஆட்டங்களில் வெற்றி 17, தோல்வி 5. மறு பருவத்தில் அவர் அணியை விட்டே போனார். பெருந்தொற்றால் சுருங்கிய அந்தப் பருவத்தில் ராப்ரேர்ஸ் 53 வென்று 19 தோற்றது, சம்பியன் ஆண்டைவிட மேலான வீதம்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு லெனார்ட் இல்லாமலே அணி நன்றாக ஆடும் என்று வாதிடலாம். வாதம் பிழை. ஏன் பிழை என்று பார்ப்பதில்தான் பாடம் இருக்கிறது. அணியின் உண்மையான வெற்றி வாய்ப்பு லெனார்டுடன் இருந்ததுபோலவே ஆட்டத்துக்கு 68 வீதம் என்று கொள்வோம். 22 ஆட்டங்களில் எதிர்பார்க்க வேண்டியது 15 வெற்றி. சும்மா தற்செயலாலேயே அது இரண்டு கூடவும் இரண்டு குறையவும் செய்யும். 17 என்பது அந்த ஊசலாட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. 82 ஆட்டப் பருவம் ஒன்றுக்கு அந்தத் தற்செயல் ஊசலாட்டம் ஏறத்தாழ நான்கு ஆட்டம். ஆகவே 59க்கும் 58க்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதே வீண். அதோடு, 2019 ஜூனில் வென்ற அணி பருவம் முழுதும் ஆடிய அணியல்ல. பழைய காயத்தைக் கருதி லெனார்டை வேண்டுமென்றே இடையிடையே ஓய்வில் இருத்தினார்கள். பெப்ரவரியில் மார்க் கசோல் வந்து சேர்ந்தார். இறுதிக் கட்டத்தில் லெனார்ட் 24 ஆட்டங்களில் 732 புள்ளி போட்டார், ஆட்டத்துக்கு 30.5. பருவச் சராசரி என்பது பல வேறு அணிகளின் கலவை. பட்டம் வென்றது அவற்றில் ஒன்று மட்டும்.

பட்டம் உறுதியான அந்தக் கடைசி ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலும் கவனிக்கத்தக்கது: பஸ்கால் சியாகம் 26, கைல் லவ்றி 26, பிரெட் வான்வ்லீற் 22, லெனார்ட் 22. கமரூனில் பிறந்த சியாகம் பதின்ம வயதின் கடைசியில்தான் கூடைப்பந்தைத் தீவிரமாகத் தொட்டவர். என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2016 தெரிவில் 27ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். வான்வ்லீற்றை அந்த ஆண்டு எந்த அணியும் தெரிவு செய்யவே இல்லை. இருவரையும் ராப்ரேர்ஸ் மிஸிஸாகாவில் தான் நடத்திய இளநிலை அணியில் விட்டு வளர்த்தது. சியாகமின் சராசரி ஒரே ஆண்டில் 7.3இலிருந்து 16.9 ஆக ஏறியது. 2018இன் எந்தத் தலைப்புச் செய்தியிலும் இந்தக் காரணம் இல்லை, ஏனென்றால் அது 2016இலேயே தொடங்கிவிட்டது. மெதுவாக வேலை செய்யும் காரணங்களுக்கு என்றுமே உரிய பெயர் கிடைப்பதில்லை. 

இனி எதிரணிகள். 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டும் ராப்ரேர்ஸை வெளியேற்றியவர் கிளீவ்லாண்டின் லெப்ரோன் ஜேம்ஸ். 2018 கோடையில் அவர் லொஸ் ஏஞ்சலிஸுக்கு, மேற்குப் பிரிவுக்குப் போய்விட்டார். ரொறன்ரோவின் பாதையிலிருந்து ஒரு மலை விலகியது. அதற்கு ரொறன்ரோ எதுவும் செய்யவில்லை. இறுதித் தொடரில் வொரியர்ஸின் கெவின் டுராண்ட் ஐந்தாம் ஆட்டத்திலும் கிளே தொம்சன் ஆறாம் ஆட்டத்திலும் காயப்பட்டு விழுந்தார்கள். அதற்கு முன், மே 12 அன்று பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி விநாடியில் லெனார்ட் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு தடவை துள்ளிவிட்டு உள்ளே விழுந்தது. 92-90. அது வெளியே விழுந்திருந்தால் ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போயிருக்கும். வலைப்பந்தாட்டத்திலும் இப்படித்தான்: 2022இல் சிங்கப்பூரை 63-53 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்த இலங்கை, 2024இல் பெங்களூரு இறுதியில் அதே சிங்கப்பூரிடம் 67-64 என்று தோற்றது. பத்துக் கோல் வேறுபாடு ஒரு தகவல். மூன்று கோல் வேறுபாட்டிலிருந்து எந்த அணி மேலானது என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

பயிற்றுவிப்பாளரை மாற்றியதால் வந்த முன்னேற்றமா என்ற கேள்விக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை வேண்டும். தொடர்ந்து தோற்கும்போதுதான் பயிற்றுவிப்பாளரை நீக்குவார்கள். மிக மோசமான ஓட்டத்தில் கெட்ட நேரமும் கொஞ்சம் கலந்திருக்கும். அது எப்படியும் விலகும், முடிவுகளும் சராசரியை நோக்கித் திரும்பும். பாராட்டு புதியவருக்குப் போகும். நெதர்லாந்துக் கால்பந்துத் தொடரின் 1986 முதல் 2004 வரையான தரவுகளைப் பொருளியலாளர் பாஸ் தெர் வீல் ஆராய்ந்தபோது, அதே அளவு சரிந்தும் பயிற்றுவிப்பாளரை மாற்றாத அணிகளும் ஏறத்தாழ அதேபோல மீண்டெழுந்திருந்தன. அதற்காகப் பயிற்றுவிப்பாளருக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கோல்டன் ஸ்ரேற் அணி 2013-14இல் 51 ஆட்டம் வென்றது, நல்ல பருவம்தான். ஸ்ரீவ் கேர் வந்த மறு ஆண்டு, பெரும்பாலும் அதே வீரர்களோடு, 67 வென்று சம்பியன் ஆனது. அங்கே மாறியது என்ன என்று கைகாட்ட முடிகிறது: முந்தைய ஆண்டு கைமாற்றங்களில் தொடரிலேயே கடைசியில் இருந்த அணி பந்தைச் சுற்றவிடத் தொடங்கியது. கோலுக்கு வழிசெய்த கைமாற்றங்கள் ஆட்டத்துக்கு 23.3இலிருந்து 27.4 ஆயின. பதினாறு ஆட்ட உயர்வு தற்செயலின் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அது எந்த வழியாக வந்தது என்பதும் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு காரணத்தை நம்பலாம். அங்கேயும் டேவிட் லீ காயப்பட்டதால் டிரேமண்ட் கிறீனுக்குத் தொடக்க இடம் கிடைத்தது என்பதை நேர்மையானவர்கள் சேர்த்தே சொல்வார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலையை அளக்க இரண்டு வழிகள் உருவாகியிருக்கின்றன. ஒன்று கமரா. கூரையில் ஆறு கமராக்களைப் பொருத்தி, பந்தையும் பத்து வீரர்களையும் விநாடிக்கு 25 தடவை பதிவு செய்யும் முறை 2013-14இல் எல்லா என்.பி.ஏ. அரங்குகளுக்கும் வந்தது. ராப்ரேர்ஸ் அதற்கு முன்பே அதை வைத்து, தடுப்பவர்கள் எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதைத் திரையில் ஆவி உருவங்களாகக் காட்டும் மென்பொருள் ஒன்றை எழுதியிருந்தது. உண்மை வீரருக்கும் ஆவிக்கும் உள்ள தூரமே பிழையின் அளவு.

மற்ற வழிக்குக் கமரா தேவையில்லை. ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி முந்தியது, அவர் வெளியே இருந்தபோது எத்தனை என்று பதிந்துகொண்டே போவது. ஹூஸ்ரன் ரொக்கற்ஸின் ஷேன் பற்றியர் இதற்குப் பெயர்போனவர். புள்ளிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பெரிதாக எதுவும் இராது. ஆனால் அவர் களத்தில் இருந்தால் அணி முந்தும். எதிரணியின் நட்சத்திரத்தை அவருக்குப் பிடிக்காத மூலைக்கு ஒதுக்கித் தள்ளி, பலிக்க வாய்ப்புக் குறைந்த எறிகளை எறிய வைப்பதே அவர் செய்த வேலை. இந்த முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. கெட்டிக்காரியோடு எப்போதும் சேர்ந்தே இறங்குபவளுக்கு அவளுடைய பெருமை ஒட்டிக்கொள்ளும். பல சேர்க்கைகளை இறக்கிப் பார்த்தால்தான் கணிதம் இருவரையும் பிரிக்க முடியும்.

இனி நம் மைதானங்களுக்கு வருவோம். கிளிநொச்சி மாவட்டப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகள் பரவலாக ஆடுவது வலைப்பந்தாட்டம். தர்ஜினிக்குப் பிறகு உயரமான பிள்ளையைக் கண்டால் ஆசிரியரின் கண் ஒளிர்வது இயல்பு. முன்பு உயரத்துக்காகக் கேலி கேட்ட பிள்ளைக்கு அது நியாயமாகக் கிடைத்த கௌரவம். ஆனால் ஏழு பேரில் ஐவர் விதிப்படியே கோல் போட முடியாதவர்கள். கோல் கணக்கை மட்டும் எழுதும் கொப்பியில் அந்த ஐந்து பிள்ளைகளின் பெயர் பாடசாலைக் காலம் முழுவதும் ஒரு தடவைகூட வராது. தெரிவு நாளன்று அவர்களைப் பற்றி ஆசிரியரிடம் நினைவு மட்டுமே இருக்கும். நினைவில் கடைசி ஆட்டத்தின் கடைசிப் பிழைதான் பெரிதாக நிற்கும். ஒரு பிள்ளையின் விளையாட்டு வாழ்வு அதில் முடிந்துபோவது கொடுமை, தவிர்க்கக்கூடிய கொடுமை.

தவிர்க்க ரொறன்ரோவின் கமராக்கள் வேண்டியதில்லை. அக்கராயனில் ஒரு மைதானத்தின் ஓரம், காயப்பட்டு ஆடாமல் இருக்கும் ஒரு பிள்ளையிடம் கோடு போட்ட கொப்பியும் பென்சிலும் கொடுத்தால் போதும். நடுவட்டத் தொடக்கம் எத்தனை, அதில் கோலானது எத்தனை. வட்டத்துக்குள் பந்தை வெற்றிகரமாக வீசியவர் யார். பறித்தவர் யார், இழந்தவர் யார். எறிந்தது எத்தனை, விழுந்தது எத்தனை. ஒவ்வொரு காற்பகுதிக்கும் களத்தில் இருந்த ஏழு பேரின் பெயரும் அந்தப் பகுதியின் கோல் வேறுபாடும். பயிற்சி ஆட்டங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினால் பத்து ஆட்டத்தில் நாற்பது காற்பகுதிகள் சேரும். நாற்பது பெரிய எண்ணல்ல. தற்செயலின் ஊசலாட்டம் அதிலும் இருக்கும், கடைசி இடத்துக்குப் போட்டியிடும் இருவருக்கிடையே அது தீர்ப்புச் சொல்லாது. ஆனால் எந்தப் பிள்ளை இறங்கும்போதெல்லாம் எதிரணியின் கோல் குறைகிறது என்பதைக் காட்ட அது பெரும்பாலும் போதும்.